மழைக்குள் ஓர் ஐஸ் பெட்டி

அடுத்தவர் ரத்தத்தைச் சுமந்துகொண்டு மலை மலையாய் மோட்டார் சைக்கிளில் அலைவதுதான் என் தொழில். என் ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. லேப் வரை வர முடியாதவர்களின் வீட்டுக்கு நான் போவேன். ஊசி குத்துவேன், ட்யூபில் பிடிப்பேன், பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டியை விடுவேன். ஒருநாள் கூடலூர், ஒருநாள் சோலூர், ஒருநாள் கோத்தகிரி தாண்டிக் கீழ் கோத்தகிரி. ஜூன் மாத மழை கூடலூர்ப் பக்கம் அடிக்கும். அது ஓய்ந்தது என்று மழைக்கோட்டைக் காயப்போட்டால், ஐப்பசி மழை கோத்தகிரிப் பக்கம் பிடித்துக்கொள்ளும். நடுவில் காய்கிற நாட்களில் பனி.

சாப்பாட்டுப் பை தூக்குகிறவர்களே, கூரியர்காரர்களே, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளே! ஷூவுக்குள் பிரெட் கவர், பனியனுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் பழைய பேப்பர், கம்பளிக் கையுறைக்குள் ரப்பர் கையுறை. இந்த அலங்காரத்தையெல்லாம் நீங்களும் செய்திருப்பீர்கள். இவ்வளவு செய்தும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி எங்கே போய்த் தேங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுத வேண்டியதில்லை. இந்த வருஷ மழையில் எனக்குப் புதிதாகச் சேர்ந்த கஷ்டம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஐஸ்

ரத்தம் சூடாகிவிட்டால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று என் முதுகில் எப்போதும் ஒரு பெட்டி, அதற்குள் ஐஸ் பாக்கெட்டுகள். மேலே மழை, கீழே நனைந்த சீட், முன்னால் காற்று, பின்னால் ஐஸ். குளிர் என்னைத் தொடாத திசை என்று ஒன்று பாக்கியில்லை.

தெப்பக்காட்டில் ஒரு யானைப் பாகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது செக்போஸ்டில் வனக்காவலர் ஒருவர் நிறுத்தினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ரத்த ட்யூப்களைப் பார்த்து அவர் அசரவில்லை. ஐஸைத்தான் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மூக்கில் சொட்டுவது மழையா சளியா என்று எனக்கே தெரியாத கோலம். பக்கத்தில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிஜமான அக்கறையோடு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏனுங்க, இந்தக் குளுருக்குள்ள ஐஸை வேற முதுகுல கட்டீட்டுப் போறீங்களே, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?”

விரல்

நரம்பைக் கண்ணால் பார்த்துத்தான் குத்துகிறோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கண் சும்மா. இடதுகை ஆள்காட்டி விரல்தான் தேடும். தோலுக்கு அடியில் மெத்தென்று எங்கே எழும்பி அமுங்குகிறது என்று விரல் சொல்ல வேண்டும். வலதுகை அதன்பின் குத்த வேண்டும். ரத்தம் எடுக்கிறவனுக்கு அந்த ஒரு விரல் போனால் பிழைப்பே போச்சு.

கூடலூரில் ஒரு மலையாளி இஞ்சித் தோட்டக்காரர். புஜம் ஒவ்வொன்றும் பலாக்காய் பருமன். நடுவட்டத்திலிருந்து மழையோடு மழையாக இறங்கி அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரப்பர் பட்டையைக் கட்டித் தடவினால் ஒன்றுமே தெரியவில்லை. மரப்பலகையைத் தடவுவது போல இருந்தது. சரி, இவருக்கு நரம்பு ஆழம் போலிருக்கிறது என்று ஒரு குத்து குத்தினேன். வரவில்லை. இடம் மாற்றி இன்னொரு குத்து. அதுவும் வரவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு இப்படி ஆனதேயில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கிள்ளிப் பார்த்தேன். யாரையோ கிள்ளுவது போல இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: “என் நரம்பு அவிடத்தன்னே இருக்கு சாரே. நீங்க முதல்ல உங்க விரலை டாக்டர்கிட்ட காணிச்சுட்டு வாங்க.”

உள்ளே ஒரு நாற்காலி

காட்டினேன். குளிரில் விரலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்கிறது, ஹேண்டில்பாரின் அதிர்வு அதை இன்னும் கெடுக்கிறது, இதே மாதிரி இன்னொரு மழைக்காலம் ஓட்டினால் தொடு உணர்வு போனது போனதாகவே இருந்துவிடலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். “கையைச் சூடா வச்சுக்கங்க” என்றும் சொன்னார். அவர் நீலகிரிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

எங்கள் லேபில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு ஹீட்டர், வருகிறவர்கள் கையை நீட்ட ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்து ரத்தம் எடுக்கும் சுமதி காலையிலிருந்து மாலைவரை காய்ந்த காலுறையோடு இருப்பார். அந்தக் காலுறையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது கடவுளுக்குத் தெரியும். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். என்னை உள்ளே போடுங்கள், அல்லது அந்த மாதிரி இன்னொரு நாற்காலியாவது போடுங்கள் என்று கேட்டேன். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. சீட்டை முழுவதும் படித்தார். உச்சுக்கொட்டினார். ஹீட்டரைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: “உங்க ரூட்டுக்கு ஒரு ஆளப் புடிச்சுக் குடுங்க, நாளைக்கே வந்து உள்ள உக்காந்துக்கங்க.”

வெறும் வயிறு

கீழ் கோத்தகிரியில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், ராமாயி அக்கா இருக்கிறார். சிறுபிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், அறுபதைத் தொட்டும் இன்னும் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். கிட்னி சரியில்லை. மாதாமாதம் ரத்தம் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கோத்தகிரி டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். ரிசல்ட்டும் மாத்திரையும் போனிலேயே முடிந்துவிடும். ரத்தம் மட்டும் போனில் போகாது, அதற்குத்தான் நான்.

ஒரு தடவை சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாளே போன் போட்டு, “அக்கா, காலையில ஒண்ணும் சாப்பிடாதீங்க, வெறும் வயித்தோட இருங்க” என்று மூன்று தரம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்களுக்கும் சர்க்கரை பாருங்கள் என்று சேர்ந்துகொண்டார்கள். விடிவதற்குள் கிளம்பி, முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போய் இறங்கினேன். லயத்து வாசலில் ராமாயி அக்காவையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் வரிசையாக, ஆளுக்கொரு டம்ளரோடு நின்றிருந்தார்கள். டம்ளரில் ஆவி பறந்தது. அத்தனை பேரும் சர்க்கரை அள்ளிப்போட்டுப் பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெறும் வயித்தோட இருங்கன்னு சொன்னேனே அக்கா” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு மறுபடி அதே மழையில் அதே ரோட்டில் வர வேண்டும். ராமாயி அக்காவுக்கு நான் ஏன் இப்படி இடிந்துபோகிறேன் என்று விளங்கவில்லை. கையிலிருந்த டம்ளரை எனக்கு நீட்டிக்கொண்டே கேட்டார்: “வெறும் வயித்துலதானே தம்பி தேத்தண்ணி குடிப்பாங்க? சோத்தைத் தின்னுட்டு யாராவது தேத்தண்ணி குடிப்பாங்களா?”

சிவப்பு விளக்கு

மலையில் மூடுபனி இறங்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவோம். அது வளைந்தால் வளைவோம், நின்றால் நிற்போம். பள்ளத்தில் விழுந்தால் முதலில் அவன்தானே விழுவான் என்ற தைரியம்.

சோலூர் ரோட்டில் ஒருநாள் என் வண்டியின் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக ஒரு பிக்கப் வண்டி கிடைத்தது. அதன் விளக்கை விடாமல் பிடித்தேன். ரொம்ப தூரம் போனோம். ரோடு திடீரென்று மண்ணாகியது, ஏறியது, இடதுபக்கம் கேரட் வாசனை அடித்தது. வண்டி நின்றது. நானும் நின்றேன். விளக்கு அணைந்தது. ஒரு நாய் குரைத்தது. பனி கொஞ்சம் விலகியபோது, முன்னால் பிக்கப், வலப்பக்கம் மாட்டுக்கொட்டகை, இடப்பக்கம் அடுக்கி வைத்த கேரட் மூட்டை. ஒருவருடைய வீட்டு வாசலுக்குள் நான் வண்டியோடு நின்றிருந்தேன். டிரைவர் இறங்கி வந்து மேலும் கீழும் பார்த்தார். நான் வழி தவறியதைச் சொல்லி, தொழிலையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். அவர் கண் என் பெட்டிமேல் நின்றது. பிறகு வீட்டுக்குள் பார்த்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: “வந்தது வந்துட்டீங்க, எங்கய்யனுக்கு அப்படியே சுகர் பாத்துப்போட்டுப் போயிருங்க.”

அதிர்ஷ்டசாலி

தொட்டபெட்டா பிரிவில் ஒரு டீக்கடை. விரலை மீட்க எனக்கு அதுதான் ஆஸ்பத்திரி. டீயைக் குடிக்க மாட்டேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெள்ளை போய் நீலம் வரும், நீலம் போய்ச் சிவப்பு வரும். சிவப்பு வரும்போது ஆயிரம் ஊசி குத்தும். அது நல்ல அறிகுறி. அதற்குள் டீ ஆறிவிடும். கடைக்காரருக்கு இது பழகிவிட்டது.

அன்றைக்கு அங்கே சென்னையிலிருந்து ஒரு பைக் கூட்டம் வந்து இறங்கியது. ஒவ்வொரு வண்டியும் எருமைக்கன்று சைஸ். மழைக்கோட்டு, முழங்கால் கவசம், ஹெல்மெட்டில் கேமரா. பைக்கின் கைப்பிடிக்கே சூடு ஏற்றும் வசதி இருக்கிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அந்தக் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது, மானம் தடுத்தது. தினமும் இந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது. என் ஈரத் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சொன்னார்: “ப்ரோ, நீங்க எவ்ளோ லக்கி தெரியுமா? எங்களுக்கெல்லாம் இது வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் கெடைக்குது.”

மாற்று ஆள்

ஆள் பிடித்துக் கொடு என்றாரே மேனேஜர், நானும் பிடித்தேன். கோயம்புத்தூரில் இதே தொழில் செய்தவர், குமரேசன் என்று பெயர், ஊசி குத்துவதில் சுத்தமான கை. மலை ரொம்பப் பிடிக்கும் என்றார். நான் பூரித்துப்போனேன். என் வழி முழுவதையும் அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வாரம் அவர் வண்டிக்கு முன்னால் என் வண்டி. எந்த வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கும், எங்கே காட்டெருமை குறுக்கே வரும், எந்த வீட்டு நாய் மழையிலும் துரத்தும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்களை உபசரிக்கிற மாதிரி உபசரித்தேன். டீ, மொறுமொறு வர்க்கி, என்னுடைய நல்ல மழைக்கோட்டு.

கடைசி நாள் கீழ் கோத்தகிரி. ராமாயி அக்கா வீடு வரை இறங்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே சேற்றில் ஏறினோம். மேலே வந்ததும் குமரேசன் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். காலில் இரண்டு அட்டை. அதைப் பிடுங்கி எறியக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி, நீவி மடித்து என் கையில் வைத்தார். அந்த மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி போச்சு. “தப்பா நெனைக்காதீங்கண்ணா” என்று ஆரம்பித்து அவர் சொன்னார்: “ஊருக்குள்ள மழை பெய்யும்னுதான் சொன்னாங்க, மழைக்குள்ளதான் ஊரே இருக்குதுன்னு யாரும் சொல்லலீங்களே!”

முதல் பஸ்

நாற்காலி போகவில்லை. சுமதியின் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து அவர்கள் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கப்போவதாகச் சொன்ன அன்றே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சோலூரையும் கூடலூரையும் ஊட்டிக் கிளை பார்த்துக்கொள்ளும், நீங்கள் உள்ளே வந்துவிடுங்கள் என்றார். அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். எழுந்து கதவு வரை போன பிறகுதான், “கீழ் கோத்தகிரி?” என்று கேட்டேன். ரெண்டு லயத்துக்காகத் தனியாக ஓர் ஆளைப் போட முடியாது, அந்த ரூட்டை நிறுத்திவிடலாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அடுத்த மழைக்காலத்தைத் தாங்குகிற விரல் என்னிடம் இல்லை, அதனால் சொல்லவில்லை.

கடைசித் தடவையாகப் போனபோது நல்ல மழை. வழி முழுக்க ராமாயி அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆபீஸ் முடிவு என்று சொல்லலாம். கொஞ்ச நாளில் வேறு ஆள் வருவார் என்றுகூடச் சொல்லலாம். லயத்திலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்குச் செங்குத்தான ஏற்றம். அவருக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. கோத்தகிரி போய் வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. கிட்னிக்காரருக்கு மாதம் தவறக் கூடாது. தவறினால் மாத்திரை தவறும், மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

போய்ச் சேர்ந்தபோது விரல் வெள்ளை. அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தடவிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எழுந்துபோய் ஒரு சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதில் விரலை முக்கி வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்த எதையும் சொல்லாமல், டாக்டர் சொன்னதையும் நாற்காலியையும் ரூட் நிற்கப்போவதையும் அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். விரல் சிவந்தது. நரம்பு கிடைத்தது. ட்யூப் நிறைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை அழுத்திக்கொண்டு, “எனக்குக் குத்துறதுக்கு இங்க ஊருக்குள்ளயே ஆள் இருக்காங்க தம்பி. ஒங்களுக்கு வேற வெரல் யாரு தருவா? போய் உள்ள ஒக்காருங்க” என்றார்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பெட்டியை முதுகில் மாட்டி, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், அவர் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுகிற சத்தமும், நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு கேட்ட கேள்வியும் மழையோடு சேர்ந்து வந்தன: “ஏய் புள்ள, கோத்தகிரிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குடி?”

இப்போது நான் நனையாமல் சம்பளம் வாங்குகிற ஆள். மழை கொட்டுகிற நாளில் மட்டும் அந்தச் சம்பளத்துச் சோறு செரிக்க மாட்டேன் என்கிறது.